செடியின் பெயரும் அதன் சாட்சியும்: அரபுநிலக் காட்டுத் தாவரங்கள் பெயர்பெற்ற வரலாறு

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் (கி.பி. 630) மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது, அந்நகரின் புனிதத்தைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் உரையாற்றினார்கள். ஹரம் எல்லைக்குள் தானாக வளரும் செடிகொடிகளை வெட்டலாகாது என்பதும் அவ்வுரையில் அறிவிக்கப்பட்டது. அப்போது அவர்களுடைய சிறிய தந்தையார் அப்பாஸ் (ரழி) அவர்கள், இத்கிர் என்னும் புல்லுக்கு மட்டும் விலக்களிக்குமாறு வேண்டினார்கள். கொல்லர்களின் உலைக்கும், வீடுகளின் கூரைக்கும், கப்றுகளில் கற்களுக்கிடையே உள்ள துளைகளை அடைப்பதற்கும் அப்புல் தேவைப்பட்டது. நபியவர்கள் அவ்வேண்டுதலை ஏற்று இத்கிருக்கு விலக்களித்தார்கள். ஸஹீஹுல் புகாரி முதலான தொகுப்புகளில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

ஒரு சட்டத்தின் விலக்கு இங்கே ஒரு புல்லின் பெயரைச் சார்ந்து நிற்கின்றது. அன்று அவ்வுரையைச் செவிமடுத்த மக்காவாசிகளுக்கு அப்பெயர் விளக்கம் வேண்டாத ஒன்று. காலையில் மிதித்து நடந்த புல்லையே அவர்கள் கேட்டார்கள். ஆனால் பஸ்ராவிலோ குர்துபாவிலோ காயல்பட்டினத்திலோ அமர்ந்து அந்த ஹதீஸைப் படிக்கும் ஒருவருக்கு, இத்கிர் என்பது எந்தப் புல் என்று தானாக விளங்கிவிடாது. 'ஒருவகை வாசனைப் புல்' என்று கூறி அவர் கடந்து செல்லலாம். இன்றைய தாவரவியல் அதனைச் சிம்போபோகன் ஸ்கெனாந்தஸ் என அடையாளங் காண்கின்றது. நாம் அறிந்த எலுமிச்சைப்புல்லுக்கு அது நெருங்கிய உறவு. இந்த அடையாளம் எவ்வாறு நிலைநாட்டப்பட்டது? யாருடைய சொல்லை நம்பி நிலைநாட்டப்பட்டது?

நெல்லுக்கும் பேரீச்சைக்கும் உழவர் உண்டு, வணிகர் உண்டு, விலையும் உண்டு. ஆகவே அவற்றின் பெயர்கள் எளிதில் நாடு கடக்கின்றன. காட்டுச் செடிக்கு இவை எதுவுமில்லை. அதன் பெயர் அந்நிலத்தில் ஆடு மேய்ப்பவரிடமும், விறகு பொறுக்குபவரிடமும், பச்சிலை தேடும் மூதாட்டியிடமும் மட்டுமே வாழ்கின்றது. அவர்களிடமிருந்து அப்பெயரைப் பெற்று, அது எச்செடியைக் குறிக்கின்றது என்பதைப் பிறருக்கு ஐயமின்றி உணர்த்துவதே தாவரங்களைப் பெயரிடும் கலையின் முதற்பணி. அரபுநிலத்தில் இப்பணி ஆயிரம் ஆண்டுகளில் கடந்துவந்த பாதையை இக்கட்டுரை சுருக்கமாக நோக்குகின்றது.

பாலைநிலத்தின் வகைப்பாடு

வகைப்பாடு என்பது நூலகத்தில் பிறந்த கலை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அது வாழ்க்கைத் தேவையில் பிறந்தது. ஒட்டகத்தை நம்பி வாழ்ந்த பாலைவாசிகள் மேய்ச்சற் செடிகளை முதலில் சுவையினால் பிரித்தனர். உப்புச் சுவையுடையவற்றை ஹம்ள் என்றும், உப்பற்ற இனிய தழைகளைக் குல்லா என்றும் அழைத்தனர். ஒட்டகத்திற்குக் குல்லா ரொட்டி, ஹம்ள் கனி என்னும் கருத்தமைந்த கூற்று அவர்களிடையே வழங்கியது. ஒன்றை மட்டும் நெடுநாள் தின்ற ஒட்டகம் மற்றதை நாடும் என்பதை அறிந்து, அதற்கேற்பத் தம் பயணத்தை அமைத்துக்கொண்டனர்.

இப்பிரிவு ஒட்டகத்தின் நாவை அடிப்படையாகக் கொண்டதாயினும் வெறும் உபயோகப் பட்டியலாக நின்றுவிடவில்லை. ரிம்ஸ், ஃகளா போன்று ஹம்ள் என வழங்கப்பட்ட செடிகளுட் பலவற்றை இன்றைய தாவரவியலும் ஒரே குடும்பத்தில் சேர்க்கின்றது. நமது முளைக்கீரையும் தண்டுக்கீரையும் அடங்கும் பெருங்குடும்பம் அது. உப்பு நிலத்தில் வாழக் கற்றுக்கொண்ட செடிகளின் உறவை, மலரின் உறுப்புகளை எண்ணாமலே, சுவையின் வழியாக மேய்ப்பர்கள் உணர்ந்திருந்தனர்.

முள்ளுடைய பெருமரங்கள் இளாஹ் என்னும் தொகுதியில் அடங்கின. ஸமுர், தல்ஹ், ஸலம், உர்ஃபுத் என அதனுள் பல இனங்கள். முள் நேரானதா வளைந்ததா, பூ மஞ்சளா வெண்மையா, மணம் எத்தகையது, காய் சுருண்டதா என்பனவற்றைக் கொண்டு அவற்றை வேறுபடுத்தினர். ஹுதைபிய்யாவில் நபித்தோழர்கள் உறுதிமொழி வழங்கியது ஒரு மரத்தின் கீழ் என்று அல்-குர்ஆன் (48:18) கூறுகின்றது. அது ஸமுரா மரம் என்று ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவித்திருப்பதை ஸஹீஹ் முஸ்லிமில் காணலாம். 'முள்மரம்' என்று பொதுவாகக் கூறாமல் இனத்தின் பெயரைக் கூறியமை, அச்சமூகத்தின் கண் எத்துணைக் கூர்மையாயிருந்தது என்பதைக் காட்டும்.

அராக் மரத்தின் குச்சியே மிஸ்வாக்காகப் பயன்படுவது. அம்மரத்தின் கனிக்குப் பருவத்திற்கேற்ப மர்த், பரீர், கபாஸ் என்னும் பெயர்கள் வழங்கின. எப்பெயர் எப்பருவத்திற்குரியது என்பதில் அகராதியாசிரியர்கள் கருத்து வேறுபட்டனர். எனினும் ஒரு காட்டு மரத்தின் சிறு கனிக்கு மூன்று பெயர்கள் இருந்தமையே அம்மக்களுக்கும் அம்மரத்திற்கும் இருந்த நெருக்கத்தை உணர்த்தப் போதுமானது.

அபூ ஹனீஃபா அத்-தீனவரீ

வாய்மொழியாக வழங்கிய இவ்வறிவை நூல்வடிவில் திரட்டியவர்களுள் தலையாயவர் அபூ ஹனீஃபா அஹ்மத் இப்னு தாவூத் அத்-தீனவரீ. ஃபிக்ஹ் மேதை இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களிலிருந்து வேறானவர் இவர். மேற்கு ஈரானில் தீனவர் என்னும் ஊரைச் சேர்ந்த இவர் வானியல், கணிதம், வரலாறு, மொழியியல் ஆகிய துறைகளில் புலமை பெற்றிருந்தார். 'அல்-அக்பாருத் திவால்' என்னும் வரலாற்று நூலும் இவருடையதே. ஹிஜ்ரி 282 (கி.பி. 895) அளவில் இவர் காலமானார்.

இவருடைய 'கிதாபுந் நபாத்' (தாவர நூல்) ஆறு பெரும் பாகங்களைக் கொண்டதாக இருந்தது. அதன் ஒரு பகுதியே இன்று எஞ்சியுள்ளது. மேய்ச்சற் செடிகள், பாலைநிலக் காளான்கள், தோல் பதனிடும் மரப்பட்டைகள், தீக்கடையும் கோல்கள், சாயச் செடிகள், நறுமணச் செடிகள், பல் துலக்கும் குச்சிகள், கயிறு திரிக்கும் நார்கள், தேனும் தேனீயும், வில்லும் அம்பும் எனப் பொருள்வாரியாக அமைந்த இயல்கள் அதில் உள்ளன. அவற்றையடுத்து, செடிகளை அகரவரிசையில் விவரிக்கும் ஒரு பகுதி வருகின்றது. அது அலிஃப் முதல் ஸாய் எழுத்துவரை மட்டுமே கிடைத்துள்ளது. சுவீடன் நாட்டறிஞர் பெர்ன்ஹார்ட் லெவின் கிடைத்த பகுதிகளை 1953இலும் 1974இலும் பதிப்பித்தார். அழிந்துபோன எஞ்சிய எழுத்துகளுக்குரிய பகுதியைப் பிற்கால நூல்களில் காணப்படும் மேற்கோள்களிலிருந்து திரட்டி மீட்டமைத்தவர், நம் வாசகர் நன்கறிந்த பேரறிஞர் முஹம்மத் ஹமீதுல்லாஹ் அவர்கள். அது 1973இல் கெய்ரோவில் வெளிவந்தது.

இவ்வாறு மீட்டமைக்க முடிந்ததற்குக் காரணம், பிற்கால அகராதியாசிரியர்கள் தீனவரீயின் சொற்களை அவர் பெயரோடு எடுத்தாண்டமையே ஆகும். இப்னு மன்ளூரின் 'லிஸானுல் அரப்' நூலில் செடியொன்றின் பெயரைத் தேடுவோர் 'அபூ ஹனீஃபா கூறினார்' என்னும் தொடரை மீண்டும் மீண்டும் காண்பர். ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஸீதா (மறைவு கி.பி. 1066) தமது 'அல்-முகஸ்ஸஸ்' நூலில் இவரைப் பெரிதும் பயன்படுத்தினார். இப்னு ஸீதா கண்பார்வையற்றவர். அரபுப் பாலையின் செடிகளை ஒருபோதும் கண்டிராத அவர், அவற்றின் வருணனைகளைச் சொல் பிசகாது காத்துத் தந்தார்.

தாவரங்களைத் தீனவரீ மூன்றாகப் பிரித்தமை கருதத்தக்கது. குளிர்காலத்தில் வேரும் தண்டும் நிலைத்து நிற்பவை ஒருவகை, இவை ஷஜர். தண்டு அழிந்து வேர்த்தூர் மட்டும் எஞ்சி, மீண்டும் தளிர்ப்பவை மற்றொரு வகை, இவை ஜன்பா. வேரும் தண்டும் அழிந்து, மண்ணில் உதிர்ந்த விதையிலிருந்து மட்டுமே முளைப்பவை மூன்றாம் வகை, இவை பக்ல். செடியின் உயரத்தையோ பயனையோ கருதாமல், கடினமான பருவத்தை அது எவ்வாறு கடக்கின்றது என்பதையே இப்பிரிவு அளவுகோலாகக் கொள்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க் அறிஞர் ரவுன்கியேர் உலகத் தாவரங்களுக்கு அமைத்த வாழ்வடிவ வகைப்பாடும் இதே கேள்வியிலிருந்தே புறப்பட்டது. ஒருவர் மற்றவரைப் படித்தார் என்பதற்கில்லை. ஆயினும் இயற்கையை உன்னிப்பாக நோக்குவோர் காலமும் நாடும் வேறாயினும் ஒரே வாயிலை அடையக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

இவையெல்லாவற்றினும் மேலாக நம் கவனத்திற்குரியது தீனவரீயின் செய்தி திரட்டும் முறை. ஒரு செடியைப் பற்றிக் கூறும்போது, அதை யாரிடமிருந்து பெற்றார் என்பதையும் அவர் பல இடங்களில் குறிப்பிடுகின்றார். அஸ்மஈ, அபூ ஸைத் போன்ற மொழியறிஞர்களின் பெயர்கள் ஒருபுறம் வருகின்றன. மறுபுறம், ஸராத் மலைப்பகுதியின் அஸ்த் குலத்தைச் சேர்ந்த ஒரு நாட்டுப்புற அரபி, உமானைச் சேர்ந்த ஓர் அரபி என்றவாறு, நூலறியாத மனிதர்களும் சாட்சிகளாக வருகின்றனர். ஒரே பெயருக்கு இரு குலத்தார் இரு பொருள் கூறினால் இரண்டையும் அவர் பதிவு செய்கின்றார். ஹதீஸ் கலையின் இஸ்னாத் அளவுக்கு நுணுக்கமான விதிகள் இங்கில்லை. எனினும் செய்தியை அதன் அறிவிப்பாளரோடு சேர்த்தே பாதுகாக்கவேண்டும் என்னும் அதே மனப்பாங்கு இங்கும் செயற்பட்டுள்ளது. செடியை அறிந்தவர் அந்நிலத்தில் வாழ்பவரே. ஆகவே அவர் எந்த நிலத்தவர் என்பது அவருடைய சாட்சியத்தின் ஒரு பகுதியாகிறது.

சொல்லின் எல்லை

சொல்லால் மட்டும் ஒரு செடியை அடையாளங் காட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரே செடிக்கு ஊருக்கொரு பெயர் வழங்கும். ஒரே பெயர் இரு ஊர்களில் இரு செடிகளைச் சுட்டும். மொழி மாறும்போது இச்சிக்கல் மேலும் பெருகும்.

ஸபா நாட்டின் தோட்டங்கள் வெள்ளத்தில் அழிந்தபின் அங்கு எஞ்சியவற்றை அல்-குர்ஆன் (34:16) குறிப்பிடும்போது கம்த், அஸ்ல், ஸித்ர் ஆகிய மூன்றைக் கூறுகின்றது. அஸ்ல் என்பது தமாரிக்ஸ் இனத்து மரம். ஸித்ர் என்பதைத் தமிழில் இலந்தை என்கின்றோம். அது பிழையன்று, ஆனால் அரபுநிலத்து ஸித்ரும் நம் ஊர் இலந்தையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த இருவேறு இனங்கள். கம்த் என்பதைப் பற்றியோ முஃபஸ்ஸிர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது அராக் மரமே என்றனர் பலர். கசப்பான கனியுடைய முள்மரம் எதுவாயினும் கம்த் எனப்படும் என்றனர் வேறு சிலர். அரபுமொழி வல்லுநர்களே இவ்வாறு வேறுபட நேர்ந்தது, சொல் உயிர்வாழ்ந்தபோதும் அது சுட்டும் பொருள் கண்ணைவிட்டு மறையக்கூடும் என்பதற்கு எடுத்துக்காட்டு.

இதே சிக்கலை மருத்துவர்கள் வேறொரு வழியில் எதிர்கொண்டனர். அவர்களுக்கு இது உயிர் காக்கும் பிரச்சினை. பெயர் பிசகினால் மருந்து நஞ்சாகும். கி.பி. முதலாம் நூற்றாண்டில் டியாஸ்கொரிடிஸ் கிரேக்க மொழியில் எழுதிய மூலிகை நூலை, ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இஸ்திஃபான் இப்னு பாஸில் அரபியில் மொழிபெயர்த்தார். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதைச் சரிபார்த்தார். அரபுப் பெயர் தெரிந்த செடிகளுக்கு அப்பெயரை இட்ட மொழிபெயர்ப்பாளர், தெரியாதவற்றைக் கிரேக்கப் பெயராகவே விட்டுவைத்தார். பிற்காலத்தில் யாரேனும் அவற்றை அறிந்து விளக்குவர் என்பது அவருடைய நம்பிக்கை என்று இப்னு ஜுல்ஜுல் குறிப்பிடுகின்றார். தெரியாத இடத்தில் ஒரு பெயரைப் புனைந்து இட்டு நிரப்பாமல் வெற்றிடமாக விட்ட அந்நேர்மை போற்றத்தக்கது.

அவ்வெற்றிடங்கள் பத்தாம் நூற்றாண்டுக் குர்துபாவில் நிரப்பப்படலாயின. பைஸாந்தியப் பேரரசர், கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்கு அந்நூலின் ஓவியங்களோடு கூடிய கிரேக்கப் பிரதியொன்றை அன்பளிப்பாக அனுப்பினார். கிரேக்கம் அறிந்த நிக்கோலஸ் என்னும் துறவியும் கி.பி. 951இல் அங்கு வந்து சேர்ந்தார். அவரும், யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்தும், முஸ்லிம் மருத்துவர்களும் ஒன்றாயமர்ந்து ஒவ்வொரு பெயருக்கும் உரிய செடியைத் தம் நாட்டு மண்ணில் தேடினர். பின்னர் இப்னு ஜுல்ஜுல், டியாஸ்கொரிடிஸ் அறிந்திராத மருந்துகளுக்கெனத் தனி நூலொன்றை எழுதினார். மாலகாவில் பிறந்து ஹிஜ்ரி 646இல் (கி.பி. 1248) திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைதார், ஏறத்தாழ 1400 மருந்துப் பொருள்களை விவரிக்கும் தமது பெருந்தொகுப்பில் அரபு, கிரேக்கம், பர்பர், அந்தலுஸியப் பேச்சுமொழி ஆகியவற்றின் பெயர்களை அருகருகே வைத்தார். ஒரு நாட்டுப் பெயரை மற்றொரு நாட்டவர் சரிபார்க்க அது வழி செய்தது.

இப்னுல் பைதாரின் காலத்தவரான ரஷீதுத்தீன் அஸ்-ஸூரீ மேலும் ஒருபடி முன்னேறினார். லெபனான் மலைச்சாரலுக்குச் செடி தேடிச் சென்றபோது, பலவண்ண மைகளோடு ஓர் ஓவியரையும் அவர் உடன் அழைத்துச் சென்றதாக இப்னு அபீ உஸைபிஆ எழுதுகின்றார். ஒவ்வொரு செடியும் மும்முறை வரையப்பட்டது: இளந்தளிராய் இருக்கும்போது, முற்றி விதை கொண்டிருக்கும்போது, உலர்ந்தபின். வாசகர் அச்செடியை எந்நிலையில் கண்டாலும் அடையாளங் காணவேண்டும் என்பதே நோக்கம். அந்நூல் நமக்குக் கிடைக்காமற் போனது பேரிழப்பாகும். எனினும், செவியின் சாட்சியோடு கண்ணின் சாட்சியும் சேரவேண்டும் என்னும் உணர்வு பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே முதிர்ந்திருந்தது என்பதை அச்செய்தி நமக்குத் தெரிவிக்கின்றது.

யெமனில் லின்னேயஸின் மாணவர்

பதினெட்டாம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டு லின்னேயஸ் தாவரப் பெயரீட்டிற்கு இன்று வழங்கும் முறையை வகுத்தார். 1753இல் வெளிவந்த அவருடைய 'ஸ்பீசிஸ் பிளான்டாரம்' நூலில் ஒவ்வொரு செடிக்கும் பேரினப் பெயர், இனப் பெயர் என இருசொற் பெயர் அமைந்தது. அவர் வகுத்த விதிகளுள் ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. கிரேக்க, லத்தீன் வேரற்ற சொற்களைப் பேரினப் பெயர்களாக ஏற்பதற்கில்லை. அவை நாகரிகமற்ற மொழிகளின் பெயர்கள் என்பது அவர் கருத்து. அவ்விதியை அவரே எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கவில்லை. எனினும் உலகின் பெரும்பகுதி மக்களுடைய சொற்களை வாயிலில் நிறுத்திய விதி அது.

லின்னேயஸிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவர் பீட்டர் ஃபோர்ஸ்கால். 1732இல் ஹெல்சிங்கியில் பிறந்த இவர், டென்மார்க் மன்னர் ஐந்தாம் ஃபிரெடெரிக் அனுப்பிய ஆய்வுக்குழுவில் இயற்கை அறிஞராகச் சேர்ந்து 1761இல் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டார். எகிப்தில் ஏறத்தாழ ஓராண்டு தங்கி, அங்கு மக்களின் பேச்சு அரபியைப் பழகிக்கொண்டார். ஜித்தா வழியாக 1762இன் இறுதியில் யெமனை அடைந்தார். கடலோர திஹாமாச் சமவெளியிலும் காப்பித் தோட்டங்கள் நிறைந்த மலைகளிலும் ஆறு மாத காலம் செடிகளைத் திரட்டினார். 1763 ஜூலை 11ஆம் நாள் யரீம் என்னும் ஊரில் மலேரியா நோயால் தமது 31ஆம் வயதில் இறந்தார். ஆய்வாளர்களுள் உயிருடன் நாடு திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் மட்டுமே. ஃபோர்ஸ்காலின் குறிப்புகளைத் தொகுத்து 1775இல் எகிப்து-அரபுத் தாவர நூலாக வெளியிட்டவரும் அவரே.

அந்நூலில் யெமனியச் செடிகளுக்கு நேரே, அவை கிடைத்த ஊரும் அவ்வூரார் வழங்கிய அரபுப் பெயரும் இடம்பெற்றுள்ளன. அப்பெயர்களை வெறும் குறிப்புகளாக விட்டுவிடாமல், பலவற்றைப் பேரினப் பெயர்களாகவே ஃபோர்ஸ்கால் உயர்த்தினார். சுவைத் என்பது சுவேடா ஆயிற்று. அர்வா என்பது ஏர்வா ஆயிற்று. கடாபா, மேருவா, டிஜெரா, டோபெரா ஆகியனவும் யெமனியர் வாய்மொழியிலிருந்து வந்தவையே. ஆசிரியர் தள்ளிய சொற்களை மாணவர் நூலினுள் அழைத்துவந்தார். அப்பெயர்கள் இன்றும் உலகெங்கும் தாவரவியலாளரால் வழங்கப்படுகின்றன. அவர் பதிவுசெய்த அரபுப் பெயர்களை ஆராய்ந்து ஃபிலிப் ப்ரொவான்சால் எழுதிய நூல் 2010இல் கோபன்ஹேகனில் வெளியாயிற்று.

ஆனால் தீனவரீயின் முறையோடு ஒப்பிடும்போது ஒரு குறை புலனாகின்றது. ஊரின் பெயரை ஃபோர்ஸ்கால் தந்தார். செடியின் பெயரைத் தந்தார். அப்பெயரைத் தமக்குச் சொன்னவர் யார் என்பது அந்நூலில் இல்லை. திஹாமாவின் மேய்ப்பர்களும் பெண்களும் அளித்த அறிவு நிலைத்துவிட்டது, அளித்தவர் மறைந்துவிட்டனர்.

பெயருக்கு ஆதாரமாக ஓர் உலர்செடி

இன்றைய முறையில் ஒரு செடியின் அறிவியற் பெயர் நூலில் எழுதப்பட்ட வருணனையை மட்டும் நம்பி நிற்பதில்லை. ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரக் காப்பகத்தில், அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டப்பட்ட ஒரு குறிப்பிட்ட செடி அப்பெயருக்கு நிரந்தர ஆதாரமாக வைக்கப்படுகின்றது. இதனை வகைமாதிரி என்பர். எங்கே, எப்போது, யாரால் அது சேகரிக்கப்பட்டது என்பதைத் தாளின் ஓரத்திலுள்ள சீட்டு கூறும். ஐயம் எழும்போது அத்தாளிடம் திரும்பிச் சென்று சரிபார்க்கலாம். ஃபோர்ஸ்கால் யெமனில் உலர்த்திய செடிகள் பல இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகின்றன. செவியின் சாட்சி, கண்ணின் சாட்சி என்பவற்றையடுத்து, பொருளே சாட்சியாக நிற்கும் நிலை இது.

இம்முறையின் வலிமையையும் எல்லையையும் ஸமுர் மரமே நமக்குக் கற்பிக்கும். அதனை ஃபோர்ஸ்கால் 1775இல் மிமோசா டோர்டிலிஸ் என அழைத்தார். பின்னர் அது அக்கேசியா டோர்டிலிஸ் ஆயிற்று. அக்கேசியா என்னும் பேரினம் பிரிக்கப்பட்டபோது, அப்பெயரை ஆஸ்திரேலிய இனங்களுக்கே உரியதாக்கும் முடிவு 2005இல் வியன்னாவில் எடுக்கப்பட்டு 2011இல் மெல்பர்னில் உறுதிப்படுத்தப்பட்டது. அதனால் ஸமுர் இன்று வக்கெலியா டோர்டிலிஸ் என்று அழைக்கப்படுகின்றது. நமது கருவேலமரமும் அவ்வாறே வக்கெலியா நிலோட்டிகா ஆகிவிட்டது. உறவுமுறை பற்றிய அறிவு வளரும்போது அறிவியற் பெயர் மாறுவது இயல்பே, அது குறையன்று. ஆனால் ஹுதைபிய்யாவில் ஸமுர் எனப்பட்ட மரம், பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அரபுநிலத்தில் அதே பெயரால் அறியப்படுகின்றது. உலகத்தாரோடு பேச அறிவியற் பெயர் வேண்டும். நிலத்தாரோடும் முன்னோரின் நூல்களோடும் பேச நாட்டுப் பெயர் வேண்டும். ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

பெயருக்கு அறத்தின் பரிமாணமும் உண்டு. காஃபிர் என்னும் அரபுச் சொல், தென்னாப்பிரிக்காவில் ஐரோப்பியக் குடியேறிகளின் வாயில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசையாகத் திரிந்தது. அச்சொல்லிலிருந்து பிறந்த 'காஃப்ரா' என்னும் அடைமொழியை 200க்கும் மேற்பட்ட இனங்களின் பெயர்கள் தாங்கியிருந்தன. 2024 ஜூலையில் மத்ரித் நகரில் கூடிய தாவரவியல் மாநாட்டில், அவற்றை ஆப்பிரிக்காவைக் குறிக்கும் 'அஃப்ரா' என மாற்றும் தீர்மானம் வாக்கெடுப்பில் நிறைவேறியது. செடிக்கு இடும் பெயர் அந்நிலத்து மனிதரையும் தொடுகின்றது என்பதை அறிவியலாளர் ஏற்றுக்கொண்டமைக்கு இத்தீர்மானம் சான்றாகும்.

நமது கரையில் அப்பெயர்கள்

ஃபோர்ஸ்கால் யெமனில் கேட்டெழுதிய பெயர்களைக் காண நாம் யெமனுக்குச் செல்லவேண்டியதில்லை. தமிழகத்தின் கடலோர உப்பளங்களிலும் முகத்துவாரங்களிலும் உமரி என அறியப்படும் செடிகளுட் சில சுவேடா இனத்தவை. பொங்கல் நாளில் வாயிலில் காப்புக் கட்டும் சிறுபீளை, ஏர்வா லனாட்டா. ஈழத்தில் அதுவே தேங்காய்ப்பூக்கீரை. வறண்ட புதர்க்காடுகளில் வளரும் விழுதி, கடாபா ஃப்ரூட்டிகோசா. பூமிச்சர்க்கரை எனப்படும் கிழங்குக் கொடி, மேருவா இனம். வயலோரத்துத் தொய்யக்கீரை, டிஜெரா முரிக்காட்டா. நம் வீட்டுக் கொல்லையிலும் கடற்கரையிலும் நிற்கும் செடிகள், யெமனிய மேய்ப்பர் ஒருவர் சொன்ன சொல்லை லத்தீன் உடையில் சுமந்து நிற்கின்றன.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. மிஸ்வாக் தரும் அராக் மரம் தென்தமிழகக் கடலோரத்திலும் இலங்கையின் வடமேற்கு வறண்ட நிலத்திலும் தானாக வளர்கின்றது. சங்க இலக்கியம் அதனை உகாய் என அறியும். ஆனால் அதன் அறிவியற் பெயராகிய சல்வடோரா பெர்சிகா, பார்ஸிலோனா நகரில் மருந்துக்கடை நடத்திய சல்வடோர் என்பவரை நினைவுகூர்கின்றது. அரபியிலும் தமிழிலும் தொன்மையான பெயர்களைக் கொண்ட மரம், அவ்விரண்டையும் அறியாதவர் ஒருவரின் பெயரால் உலகில் உலவுகின்றது. இதை மாற்றவேண்டும் என்று வாதிடுவது வீண். முறைப்படி வெளியிடப்பட்ட பெயருக்கு முன்னுரிமை என்னும் விதி இல்லையேல் பெயரீடு முழுவதும் குழப்பமாகும். நம்மால் இயல்வது, அராக், உகாய் ஆகிய இரு பெயர்களையும் வழக்கிழந்துபோகாமல் காப்பதே.

இங்கேதான் நம் தலைமுறையின் பொறுப்பு எழுகின்றது. கடலோர ஊர்களின் வீடுகளில் பிள்ளைப்பேற்று மருந்துக்கும், நோன்புக்கால உணவுக்கும், கால்நடைக்கும் எனச் செடிகளைப் பெயர்சொல்லிப் பறித்துவந்த மூத்த பெண்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களுடைய சொற்களுள் தமிழும் அரபியும் கலந்த பெயர்கள் உண்டு. ஒரு தெருவுக்கு அப்பால் வழங்காத பெயர்களும் உண்டு. அச்செடிகள் வளர்ந்த புறம்போக்கு நிலங்கள் சுருங்குகின்றன. பெயரை அறிந்தோரும் குறைந்து வருகின்றனர். செடி எஞ்சி, பெயர் மறைந்தால் அதனுடன் பயன்பாட்டறிவும் மறைகின்றது. பெயர் எஞ்சி, செடி எதுவெனத் தெரியாமற் போனால், கம்த் என்னும் சொல்லுக்கு நேர்ந்த நிலையே அதற்கும் நேரும்.

இதைத் தடுக்கப் பெருஞ்செல்வம் தேவையில்லை. செடியின் பூவும் காயும் கொண்ட கிளையொன்றைப் பழைய செய்தித்தாளுக்கிடையே அழுத்தி உலர்த்தலாம். அருகே ஒரு சீட்டில், எவ்வூரில் எந்நிலத்தில் எந்நாளில் பறித்தது, அதற்கு என்ன பெயர் சொல்லப்பட்டது, என்ன பயன் கூறப்பட்டது என்று எழுதலாம். சொன்னவர் இசைந்தால், சொன்னவர் யார் என்பதையும் தவறாமல் எழுதவேண்டும். இருவர் இரு பெயர் கூறினால் இரண்டும் இருக்கட்டும். பெயர் தெரியாவிடில் அவ்விடம் வெறுமையாகவே இருக்கட்டும்; பின்னால் வருபவர் நிரப்புவார். நமது கல்லூரிகளின் தாவரவியல் துறைகளும் அரபுக் கல்லூரிகளும் கைகோத்துச் செய்யத்தக்க பணி இது. தாவரவியல் மாணவர் செடியை இனங்காணட்டும். அரபுக் கல்லூரி மாணவர் லிஸானுல் அரபைப் புரட்டி அப்பெயரின் மூலத்தைத் தேடட்டும்.

தீனவரீயின் ஆறு பாகங்களுள் பெரும்பகுதி அழிந்தும், அவர் நூல் ஓரளவு மீட்டெடுக்கப்பட்டது. அவருக்குப் பின்வந்தோர் அவருடைய சொல்லை அவர் பெயரோடு சேர்த்து எழுதிவைத்தமையே அதற்குக் காரணம். அந்த ஒழுங்கைச் செடிகளுக்கும் கடைப்பிடிப்போமாயின், இத்கிர் எந்தப் புல் என்று நாம் இன்று கேட்பதுபோல, உமரி எந்தச் செடி என்று நம் பேரப்பிள்ளைகள் கேட்க நேராது.